ஒன்றும் விளங்காத ரீச்சர்

எங்கள் ரீச்சருக்கு ஒன்றும் விளங்காது.

நான் பழகிய நாலு வருடத்தில், முதல் தடவையிலேயே அவருக்கு விளங்கிய விஷயம் என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. பழைய பேப்பரை எந்த நாளில் கட்டி வெளியே வைப்பது என்று விளங்காது. இன்சூரன்ஸ்காரர் அனுப்பும் கடிதம் விளங்காது. பொங்கலுக்கு வரும் ஐயர் ஏன் ஒவ்வொரு வருடமும் ஒன்றரை மணித்தியாலம் பிந்துகிறார் என்று விளங்காது. "எனக்கு உது விளங்கேல்லை. ஒருக்காச் சொல்லித்தாங்கோ" என்பார். எதிரில் நிற்பவர், இவ்வளவு படித்த மனுசிக்கு நாம் ஒன்று சொல்லிக்கொடுக்கிறோமே என்ற பெருமிதத்தில் தொடங்குவார். அதில் அடுத்த கேள்வி வரும். அதுவும் விளங்காத கேள்வியாகவே இருக்கும். பத்தாவது நிமிடத்தில், இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கக்கூடாது என்று வீட்டிலிருந்து தீர்மானித்துக்கொண்டு வந்த விஷயத்தை அந்த ஆள் தானாகச் சொல்லி முடித்திருப்பார். ஐயர் தனக்கு லைசென்ஸ் பறிபோன கதையை அப்படித்தான் சொன்னார். அதுவரை அவர் பஸ்ஸில் வருவது எளிமைக்காக என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

ரீச்சரின் பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது வேறொரு ஊரில் இதே தொழிலை இதே முறையில் நடத்திக்கொண்டிருக்கிறார். பெயரைச் சொல்லிப் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை.

ஆள் குட்டை. என்னிலும் நாலு வயது இளமை. மே மாதம் வரைக்கும் கழற்றாத ஒரு பச்சைக் கம்பளித் தொப்பி. எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுப் பகுதியில் வேலை. புதன்கிழமை ஓய்வு நாள். அந்த ஒரு ஓய்வு நாளில், சிவப்பு மலை ரயிலில் இரண்டு மணித்தியாலம் இறங்கி, நாங்கள் இருக்கும் கூர் நகரத்துக்கு வந்து, எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேருக்குத் தமிழ் படிப்பித்துவிட்டு, மறுபடி இரண்டு மணித்தியாலம் ஏறிப் போவார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "ரயிலுக்குள்ளை சூடு நல்லாப் போடுறாங்கள்" என்றார்.

இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் அவருக்கு டொச் வராது. ஜெர்மன் மொழியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "ஹோட்டலிலை என்னோடை வேலை செய்யிறதெல்லாம் போத்துக்கீசர். எனக்குக் குசினிப் போத்துக்கீசம்தான் வரும்" என்பார். எங்கடினில் எந்த ஹோட்டலுக்காவது பின்வாசலால் நுழைந்து பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது. எனவே வகுப்பில் ஒரு பிள்ளை டொச்சில் ஏதாவது கேட்டால் ரீச்சர் பரிதாபமாகப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் பிள்ளை தமிழில் தடவித்தடவிச் சொல்லத் தொடங்கும்.

நிலா என்று ஒரு ஏழு வயதுக்காரி. கொப்பியை நாய் தின்றுவிட்டது என்று ஒருநாள் வந்து நின்றாள். ரீச்சர் கோபிக்கவில்லை. நாய் கொப்பியை எப்படித் தின்னும் என்று அவருக்கு விளங்கவில்லை. "கீறிக் காட்டுங்கோ பிள்ளை" என்று கரும்பலகையடியில் விட்டார். நிலா முதலில் கொப்பியின் படம் கீறினாள். பிறகு நாயின் வாய். "என்ன நிற நாய்?" மண்ணிறம். "எங்கை படுக்கும்?" கட்டிலுக்குக் கீழே. "குரைச்சால் கீழ்வீட்டு மனுசி ஒண்டும் சொல்லாவோ?" வால் கீறிக்கொண்டிருந்த நிலா சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கட வீட்டிலை நாய் வளக்க விடமாட்டினம் ரீச்சர்" என்று அழுதாள். ரீச்சர் அவளுக்கு ஒரு துண்டு எங்கடின் நட்ஸ் கேக் கொடுத்தார். உண்மைக்கா, படத்துக்கா என்று சொல்லவில்லை.

நானும் தப்பவில்லை. பெற்றோர் குழுவுக்கு நான் தலைவர். வேறு ஒருவரும் முன்வரவில்லை என்பதே என் தகுதி. ஆண்டுக் கூட்டத்தில் எழும்பி, பண்பாட்டைக் காப்பது பற்றிப் பேசத் தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த ரீச்சர் கையை உயர்த்தினார். "பண்பாடு எண்டு அடிக்கடி சொல்லுறியள். அது என்னெண்டு எனக்குச் சரியா விளங்கேல்லை." விளக்கினேன். எடுத்துக்காட்டுக் கேட்டார். கொடுத்தேன். இருபது நிமிடத்துக்குப் பிறகு பார்த்தால், எங்கள் அடுக்குமாடியில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு முறை எழுதும் அட்டையில், நான் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை அழித்து என் பெயரை எழுதிய சம்பவத்தை அறுபது பேருக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பில்லாச் சாப்பாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். என் எழுத்தை வாசித்தாலும் அது தெரியும் என்பாள் மனைவி. வீட்டில் நாலு தட்டுப் புத்தகம் உண்டு. அதில் ஒன்றரைத் தட்டு வாசித்தது. ஒரே மகள் மயூரி. அப்போது ஒன்பது வயது.

அந்த வருடம் மயூரிக்கு நீச்சல் கழகத்தில் இடம் கிடைத்தது. பயிற்சி புதன்கிழமை பின்னேரம். இங்கே பள்ளிக்கூடம் புதன் அரைநாள் என்பதால், உலகத்தில் உள்ள அத்தனை நல்ல காரியங்களையும் அந்தப் பின்னேரத்தில்தான் வைப்பார்கள். தமிழ் வகுப்பும் அதே நேரம். மயூரி நீச்சலுக்கு என்றாள். நான் தமிழுக்கு என்றேன். மனைவி தீர்ப்புச் சொன்னாள்: பெப்ரவரி விடுமுறை வரைக்கும் தமிழ். அதற்குப் பிறகு அடுத்த வருடத்துக்கான படிவம் வரும். தொடர்வதா நிறுத்துவதா என்று பிள்ளையே முடிவெடுக்கட்டும்.

ஆக, எனக்கு நாலு மாதம் இருந்தது. மகள் தமிழை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கண்டுபிடித்த வழி சுலபமானது. அவளுடைய வீட்டுப்பாடம் வகுப்பிலேயே சிறந்ததாக இருந்தால் பாராட்டுக் கிடைக்கும். பாராட்டுக் கிடைத்தால் ஆசை வரும். வீட்டுப்பாடம் சிறந்ததாக இருப்பதற்கு அதை நான் எழுதினால் போதும்.

இதில் நான் மட்டும் கெட்டவன் என்று நினைக்கவேண்டாம். இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும் எங்கள் டொச் வகுப்பு வீட்டுப்பாடத்துக்குப் பிள்ளைகளிடம் உதவி கேட்போம். தமிழ் வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகளுக்காக நாங்கள் செய்வோம். நாங்கள் எழுதித் தருவோம், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். ஒரு கணக்குக்கு ஒரு கணக்குச் சரி. அதற்கு முந்தின வருடம் பெற்றோர் கூட்டத்தில், வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகளே செய்யவேண்டும் என்று அரை மணித்தியாலம் பேசியவன் நான். பேசிவிட்டு வீட்டுக்குப் போய் 'நான் விரும்பும் பறவை' எழுதினேன்.

நவம்பரில் பனி முந்திவிட்டது. மலைப்பாதையில் பனி சரிந்து ரயில் இரண்டு புதன்கிழமை ஓடவில்லை. மூன்றாம் புதன் ரீச்சர் ஒரு ரப்லெட் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

மயூரியைக் கூட்டிப் போக வந்த நான் திறந்த கதவடியில் நின்று பார்த்தேன். "நீங்கள் பள்ளிக்கூடத்திலை எல்லாரும் சேந்து ஒரே தாளிலை எழுதுறனீங்களாமே. என்ரை தங்கச்சியின்ரை மகள் இதிலை ஏதோ ஒண்டு போட்டுத் தந்தவ. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார் ரீச்சர். சொல்லிவிட்டுத் திரையைக் கட்டைவிரலால் கதவு மணியை அமத்துவதுபோல் அமத்தினார்.

எட்டுப் பிள்ளைகளும் பதறிப்போனார்கள்.

"அமத்தக் கூடாது ரீச்சர், மெள்ளத் தொடவேணும்" என்றாள் மயூரி. வீட்டில் 'ஓம்', 'வேண்டாம்', 'வைஃபை இல்லை' என்ற மூன்று தமிழ் வசனங்களில் வாழ்க்கை நடத்தியவள் அவள்.

"இந்தத் துடிக்கிற கோடு என்ன?"

"அது நீங்கள் நிக்கிற இடம்."

"பச்சையா இன்னொண்டு துடிக்குது?"

"அது நிலா தன்ரை ரப்லெட்டிலை வந்து நிக்கிற இடம். நிலா, தள்ளி நில்."

"பிழையா எழுதினால் கிழிக்கிறதோ?"

"கிழிக்கத் தேவையில்லை. இந்த வளைஞ்ச அம்பைத் தொட்டால் முந்தினது திரும்பி வரும். எல்லாப் பழைய தாளும் உள்ளுக்குள்ளை இருக்கு, ரீச்சர். ஆர் எப்ப எழுதினது எண்டும் காட்டும்."

"மெய்யாவோ" என்றார் ரீச்சர். "ஆர் எழுதினது எண்டுமோ? அதை ஒருக்கா வடிவாச் சொல்லித்தாங்கோ."

அந்தக் கேள்வியின் ஆழம் கதவடியில் நின்ற மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. மகள் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து தமிழில் கதைத்ததைக் கேட்ட மயக்கத்தில் நின்றேன்.

அந்தப் பொதுத் தாளுக்குப் பிள்ளைகள் 'எல்லாற்றை தாள்', அதாவது எல்லாருடைய தாள், என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து தங்கள் பெயரில் உள்ளே போய் எழுதலாம். ரயில் ஓடாவிட்டாலும் வீட்டுப்பாடம் ஓடும். விதி ஒன்றுதான்: டொச்சில் எழுதினால் ரீச்சருக்கு விளங்காது, விளங்காததை அவர் எழுதவில்லை என்றே எடுப்பார். முதல் வீட்டுப்பாடம் ஒரு கதை. இலையுதிர் காலத்தில் மாடுகளுக்குத் தலையில் பூ வைத்து மலையிலிருந்து இறக்குவார்கள் அல்லவா, அதில் ஒரு மாடு இறங்கமாட்டேன் என்று நின்றுவிடுகிறது. பெயர் செல்வி. ஒவ்வொருவரும் மூன்று வசனம் சேர்க்கவேண்டும்.

அன்று பின்னேரம் ஏழு மணிக்கு மயூரியின் பெயரில் உள்ளே போனேன். எட்டுப் பிள்ளைகளில் ஆறு பேர் ஏற்கெனவே உள்ளே துடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் இவ்வளவு ஆர்வமா என்று நெஞ்சு நிறைந்தது. நான் எழுதினேன்: 'அந்திவானம் செங்குருதி சிந்தியது. செல்வியின் விழிகளில் ஓர் அகதியின் ஏக்கம் படர்ந்தது.' மூன்றாவது வசனத்துக்கு யோசித்துக்கொண்டிருக்கும்போது, என் கண்முன்னாலேயே பச்சைக் கோடு ஒன்று ஓடிவந்து 'ஏக்கம்' என்பதை அழித்துவிட்டு 'எழுச்சி' என்று போட்டது. நிலா. இரண்டாம் வகுப்பு.

நான் திருப்பி ஏக்கம் என்று போட்டேன். நிலா எழுச்சி என்று போட்டாள். அத்துடன் நிற்காமல், 'கழுத்து மணி என்னும் அடிமைச் சங்கிலியை அறுத்தெறிந்தாள் செல்வி' என்றும் சேர்த்தாள். இந்த நடை எனக்குத் தெரியும். மலைப்பாதையில் பஸ் ஓட்டும் குணம் அண்ணையின் நடை. நிலாவின் அப்பா. எந்த மேடையில் ஏறினாலும் ஏதாவது ஒரு சங்கிலியை அறுக்காமல் இறங்கமாட்டார். நான் சங்கிலியை அழித்தேன். பக்கத்து ஓரத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு வரி வந்தது.

'மயூரி, உமக்கு மக்களின் வலி தெரியாது.'

'நிலா, உமக்கு மாட்டையே தெரியாது' என்று பதில் போட்டேன்.

சோபாவில் தலைகீழாக நின்று பயிற்சி செய்துகொண்டிருந்த மயூரி அப்படியே நின்றபடி கேட்டாள்: "அப்பா, நீங்கள் ஏன் நிலாவோடை சண்டை பிடிக்கிறீங்கள்? அவ சின்னப்பிள்ளையெல்லோ."

மூன்றாம் நாள் ஓரத்தில் ரீச்சரின் குறிப்பு வந்தது. 'மயூரி பிள்ளை, அகதி எண்டால் என்ன? மாடு எப்பிடி அகதியாகும்? எனக்கு விளங்கேல்லை. புதன்கிழமை எழும்பி எல்லாருக்கும் சொல்லித்தாங்கோ.'

மயூரிக்குக் காட்டினேன். "நீங்கள்தானே எழுதினது. நீங்களே வந்து சொல்லுங்கோ" என்றாள். பிறகு, "நீச்சலிலை இப்பிடி எழும்பிச் சொல்லச் சொல்லமாட்டினம்" என்றாள். பாராட்டு வாங்கிக்கொடுக்கப் போனவன், ஏழு பிள்ளைகளுக்கு முன்னால் அவளை விழிக்க வைக்கப்போகிறேன். அப்படி விழித்த பிள்ளை பெப்ரவரிக்குப் பிறகு அந்த அறையின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

புதன்கிழமை வகுப்பு இரண்டு மணிக்கு. ரீச்சரைத் தனியே பிடித்து ஏதாவது சொல்லித் தப்பலாம் என்று ஒன்றேகாலுக்கே போனேன். என்ன சொல்வதென்று நாலு பொய் தயார். மாடிப்படியில் ஏறும்போது மேலே பேச்சுக் கேட்டது. பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் ஆளை இங்கே அப்வார்ட் என்பார்கள். அந்த அப்வார்ட் ஹீட்டரைப் பற்றி ஏதோ முறைப்பட, ஒரு பெண் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சுத்தமான மலையூர் டொச். நான் இருபத்திரண்டு வருடமாகக் கல்லும் முள்ளுமாக மென்று துப்பும் அதே பேச்சு, அவள் வாயில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. இந்தக் குளிரில் பிள்ளைகளை வைத்திருப்பதைவிட உங்கள் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், அங்கேயாவது சண்டையில் சூடு பிறக்கும் என்றாள். அப்வார்ட் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

படியின் வளைவில் திரும்பினேன். பச்சைத் தொப்பி.

ரீச்சர் என்னைப் பார்த்தார். ஒரு கண்ணிமைப்பு நேரம்தான். "வாங்கோ, வாங்கோ. நல்ல நேரம் வந்தனீங்கள். இந்தத் தம்பி ஏதோ சொல்லுறார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார்.

அப்வார்ட் சிரித்தபடி கீழே போய்விட்டார். நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கையில் துருப்புச் சீட்டோடு நின்றேன். அதை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை.

"ரீச்சர், நீங்கள் என்னைவிட நல்லா டொச் கதைக்கிறீங்கள்."

"நீங்களும் உங்கட மகளைவிட நல்லாத் தமிழ் எழுதுறியள்."

"அது... சின்ன உதவிதான். ஒரு சொல் ரெண்டு சொல்."

"ஒரு சொல்லுத்தான்" என்றார் ரீச்சர். "குருதி எண்டு எழுதி, அழிச்சு, செங்குருதி எண்டு எழுதி, அழிச்சு, திருப்பிக் குருதி. பிறகு செங்குருதி. பதினொரு தரம். பழைய தாள் எல்லாம் உள்ளுக்கை கிடக்குதே. பிள்ளையள் காட்டித் தந்தவை."

நான் ஹீட்டரைப் பார்த்தேன்.

"புள்ளி போட்டுப் பாத்தனான்" என்று தொடர்ந்தார். "ஆறுக்கு மூண்டரை." இந்த நாட்டில் ஆறுதான் உச்சம், நாலு வாங்கினால் பிழைப்பான். நான் நாலுக்கும் கீழே. சொன்னால் வெட்கம், பதினொரு தரம் அகப்பட்டதைவிட அதுதான் எனக்குச் சுட்டது.

"மூண்டரையோ? ஏன்?"

"மாட்டைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. முழுக்க உங்களைப் பற்றித்தான்."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். நீச்சலை, பெப்ரவரியை, படிவத்தை, மகள் போய்விடுவாள் என்ற பயத்தை. ரீச்சர் 'விளங்கேல்லை' என்று ஒருதரமும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார்.

"அந்தக் கேள்வியை இண்டைக்குக் கேக்கமாட்டன்" என்றார். "நீங்கள் ஒண்டு செய்யவேணும். இனிமேல் தாளைத் தொடக்கூடாது. மயூரியின்ரை இடம் வெறுமையாக் கிடந்தால் கிடக்கட்டும். குணத்தாருக்கும் சொல்லியாச்சு."

"அவர் ஒத்துக்கொண்டவரோ?"

"எல்லாம் நிலாதான் எழுதினவ, தான் தொடவே இல்லை எண்டார். அப்ப நிலாவுக்கு ஏன் 'ஏகாதிபத்தியம்' தேவைப்பட்டது எண்டு எனக்கு விளங்கேல்லை எண்டன். அவரே பத்து நிமிசத்திலை விளங்கப்படுத்தினார்."

"ரீச்சர், இந்த டொச் விஷயம்..."

"இது வெளியிலை தெரிஞ்சால் நாளைக்கே எட்டுப் பிள்ளையளும் டொச்சிலை கதைக்கத் தொடங்கும். பிறகு நானும் நீங்களும் மட்டும்தான் இந்த அறைக்குள்ளை தமிழ் கதைக்கவேணும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை." தொப்பியைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்குள் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த கிழமை என் வாழ்க்கையின் நீண்ட கிழமைகளில் ஒன்று. எல்லாற்றை தாளில் மயூரியின் இடம் இரண்டு நாள் வெறுமையாகத் துடித்தது. நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் நிலாவின் பெயரில் மூன்று வசனம் வந்தது. சங்கிலி எதுவும் இல்லை.

'செல்வி செத்துப்போச்சு. கதை முடிஞ்சுது. நான் விளையாடப் போறன்.'

வீட்டுப்பாடத்தைத் தீர்க்க இதைவிடச் சுருக்கமான வழியை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை. மயூரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்த்த உடனே ரப்லெட்டைப் பறித்தாள்.

"அவ எப்பிடிச் சாக்கொல்லுவா? அது எல்லாற்றை மாடு."

ஒற்றை விரலால் குத்தத் தொடங்கினாள். டொச்சில் ஏசினால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். டொச்சில் ஏசினால் ரீச்சருக்கு விளங்காது. விளங்காவிட்டால் மாடு செத்ததாகவே இருக்கும். நாற்பது நிமிடம் எடுத்தது. 'செல்வி சாகேல்லை. செல்வி நித்திரை. நிலா பொய்.' இரண்டாவது நிமிடத்தில் பச்சைக் கோடு வந்தது. 'இல்லை செத்துட்டு. பனி. எழும்பாது.' மயூரி: 'நான் எழுப்புறன். நீ தள்ளி நில்.' நிலா: 'நீ எழுப்பினால் நான் திருப்பிச் சாக்காட்டுவன்.'

"அப்பா, 'பொய்க்காரி' எப்பிடி எழுதுறது?"

தாளைத் தொடக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம். வாயைப் பற்றி ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். இத்தனை வருடத்தில் என் மகள் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் தமிழ்ச் சொல் அது. நான் வேறு சொல்லை எதிர்பார்த்திருந்தேன் என்பது உண்மை. கிடைத்ததை வாங்கிக்கொண்டேன்.

செல்வி அந்தக் குளிர்காலத்தில் ஏழு தரம் செத்து, எட்டுத் தரம் எழும்பியது. மற்றப் பிள்ளைகளும் கட்சி பிரிந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு கட்டத்தில் செல்விக்குக் கன்று பிறந்தது; அது யார் செய்த வேலை என்று கடைசிவரை தெரியவில்லை. ரீச்சர் ஓரத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்: செத்த மாடு எப்படிப் புல்லுத் தின்னும், விளங்கேல்லை. கன்றுக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர், விளங்கேல்லை. பதில் பதிலாக வந்து விழுந்தது. எல்லாம் முறிந்த தமிழ். ஒரு வசனமும் என்னுடையதில்லை.

இதை வைத்து மயூரி வகுப்பில் தொடர்வாள் என்று நான் மனக்கோட்டை கட்டினேன். வீட்டில் கேட்டால் பிடி கொடுக்கமாட்டாள். நீச்சல் கழகம் அனுப்பிய நீலத் தொப்பியைக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுப் பார்ப்பாள். "முடிவெடுத்தாச்சோ?" என்றால், "இன்னும் படிவம் வரேல்லையே" என்பாள்.

பெப்ரவரி விடுமுறை முடிந்து வந்த முதல் புதன், படிவம் வந்தது. கல்வித் திணைக்களத்தின் படிவம், முழுக்க டொச். வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் வெளியே சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் ஒவ்வொரு குடும்பமாக மேசைக்குக் கூப்பிட்டார். படிவத்தைப் பிள்ளையே வாசித்துத் தமிழில் சொல்லி நிரப்பவேண்டும், பெற்றோர் கையெழுத்து மட்டும். ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

எங்கள் முறை வந்தது. மயூரி பேனையை எடுத்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"பிள்ளையின்ரை பேர். எழுதிட்டன். பிறந்த திகதி. எழுதிட்டன். வீட்டிலை என்ன பாஷை கதைக்கிறது எண்டு கேக்குது."

"என்ன பாஷை கதைக்கிறனீங்கள்?"

"அப்பா தமிழ். நான் கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டு போட இடமிருக்கோ?"

"இல்லை."

"அப்ப தமிழ் எண்டு போடுங்கோ."

எழுதினாள். மிஞ்சியது கடைசி வரி. அவள் தலைக்கு மேலால் வாசித்தேன். 'அடுத்த பள்ளி ஆண்டிலும் பிள்ளை இந்த வகுப்பில் தொடருமா?' அதற்குக் கீழே இரண்டு பெட்டி. ஓம் ஒன்று, இல்லை ஒன்று.

மயூரி பேனையை இரண்டு பெட்டிக்கும் நடுவில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசிக் கேள்வி, ரீச்சர். 'உங்கட ரீச்சருக்கு டொச் தெரியுமோ?' எண்டு கேட்டிருக்கு. ஓமிலை போடட்டோ, இல்லையிலை போடட்டோ?"

ரீச்சர் தெரியாது என்றால் புள்ளடி 'இல்லை'யில் விழும். பிள்ளை நீச்சலுக்குப் போய்விடும். ஓம் என்றால் பிள்ளை நிற்கும். ரீச்சரின் இருபது வருடப் போத்துக்கீசம் போய்விடும்.

ரீச்சருக்கு எதிர்ப்பக்கமிருந்து அந்த வரி தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும். அவருடைய கண் அதில் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஓடியதை நான் பார்த்தேன். முடிந்ததும் இன்னொருதரம் ஓடியது.

"இவை ஏன் உப்பிடி ஒரு கேள்வி கேக்கினம்?" என்றார் மெதுவாக. "எனக்கு..."

"எனக்கும் விளங்கேல்லை, ரீச்சர்" என்றாள் மயூரி. "ஆனால் ஏதாவது ஒண்டிலை புள்ளடி போடத்தான் வேணும்."

எத்தனையோ பேர் அந்த மேசைக்கு முன்னால் நெளிந்ததைக் கண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் நெளிந்ததை அன்றுதான் கண்டேன். ரீச்சர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கண்ணாலேயே சத்தியம் செய்தேன்.

"ஓமிலை போடுங்கோ" என்றார்.

"வடிவாக் கேக்கேல்லை, ரீச்சர்."

"தெரியும். ஓமிலை போடுங்கோ பிள்ளை."

மயூரி ஓம் பெட்டிக்குள் இரண்டு கோடும் மூலைக்கு மூலை முட்டும்படி வடிவாகப் புள்ளடி போட்டாள். படிவத்தை என்னிடம் நீட்டினாள். கையெழுத்து வைத்தேன். ரீச்சர் அதை வாங்கிக் கோவைக்குள் வைத்தார். ஒரு பெரிய துண்டு நட்ஸ் கேக் வெட்டி மயூரிக்குக் கொடுத்தார். எனக்குத் தரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சேறும் பனியுமாகக் கிடந்தது. பஸ் தரிப்பு வரைக்கும் பொறுத்தேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"போன வருசமே தெரியும். ஸ்ரேசனிலை அவ ரிக்கெட் பாக்கிற ஆளோடை டொச்சிலை கதைச்சுச் சிரிச்சவ. நான் தூணுக்குப் பின்னாலை நிண்டனான்."

"பிறகேன் ஒவ்வொரு புதனும் அவ்வளவு கஷ்டப்பட்டு அவவுக்குத் தமிழிலை எல்லாம் விளங்கப்படுத்தினனீ?"

அவள் கேக்கைக் கடித்து, மென்று, விழுங்கினாள். "அவவும் கஷ்டப்பட்டுத்தானே விளங்காத மாதிரி இருந்தவ."

பஸ் வந்தது. கடைசிச் சீற்றில் குணம் அண்ணையும் நிலாவும் இருந்து கை காட்டினார்கள். ஏறுவதற்கு முன் மயூரி என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள்.

"நிலாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அப்பா. அவவுக்கு ஏழு வயசுதான். அவ இன்னும் கிறிஸ்மஸ் தாத்தாவையும் நம்புறா."